அறளை பெயர்தல்: வன்னியில் மறதிக்கு வழங்கும் சொல்

சிங்களம் பேசும் இளம் வைத்தியர் ஒருவருக்கும் என் பெரியம்மாவின் மகளுக்கும் நடுவில், மொழிபெயர்ப்பதற்காக நான் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மாவுக்கு என்ன செய்கிறது என்று வைத்தியர் கேட்டார். அக்கா இரண்டே சொல்லில் பதில் சொன்னார்: "அறளை பேந்திட்டுது." நான் அதைச் சிங்களத்தில் 'மறதி' என்று சொன்னேன். வைத்தியர் தலையாட்டினார், வயதைக் கேட்டார், கிளினிக் கொப்பியில் ஒரு வரி எழுதினார். எண்பது வயது, மறதி. இதில் வியக்க என்ன இருக்கிறது? சில நிமிடங்களில் நாங்கள் வெளியே வந்துவிட்டோம். கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் இருக்கும்போதுதான் நான் செய்த பிழை எனக்கு உறைத்தது. அக்கா சொன்னதில் பாதியைக்கூட நான் வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

'அறளை பெயர்தல்' என்று எழுத்தில் எழுதலாம். பேச்சில் 'பெயர்ந்த' என்பது 'பேந்த' என்று குறுகிவிடும். அறளை பேந்தவர், அறளை பேந்த மனிசி, அறளை பேந்த கதை. இலங்கையின் வடக்கே, வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வளர்ந்த எவருக்கும் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. தமிழ்நாட்டு வாசகருக்குச் சொல்வதென்றால், முதுமையில் நினைவு கலைந்து, சொல்லும் செய்கையும் தடம் மாறிப்போகும் நிலை. குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தவரை யாரும் அறளை பேந்தவர் என்று சொல்வதில்லை, கேலிக்குச் சொன்னால் தவிர. சாப்பிட்ட கை காயுமுன் "எனக்கு இன்னும் சோறு தரவில்லை" என்பவர், காசை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டு மருமகள் எடுத்துவிட்டாள் என்பவர், சொந்த வளவுக்குள் நின்றுகொண்டு "வீட்டுக்குப் போவோம்" என்று படலையைத் திறப்பவர், பகலை இரவென்பவர் ஆகியோரைப் பற்றியே ஊர் இந்தச் சொல்லை எடுக்கும். மறதி இதில் ஒரு பகுதி. நேரமும் இடமும் ஆளும் குழம்புவது இன்னொரு பகுதி. சந்தேகமும் கோபமும் மூன்றாவது. இத்தனையையும் நான் 'மறதி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிட்டேன்.

இந்தத் தொடரில் என் கவனம் நிற்பது வினைச்சொல்லில். சுவரிலிருந்து காரை பெயர்கிறது. புயலில் மரம் வேரோடு பெயர்கிறது. அடித்து இறுக்கிய ஆணி பெயர்கிறது. ஓரிடத்தில் ஊன்றியிருந்தது அந்த இடத்தைவிட்டு நீங்குவதுதான் பெயர்தல். மறத்தல் என்றால் ஒரு பொருள் கையிலிருந்து நழுவியது போல, தேடினால் கிடைக்கலாம். பெயர்ந்தது அப்படி வராது. பெயர்ந்த இடத்தில் வடு தெரியும். எங்கள் முன்னோர் இந்த வேறுபாட்டைப் பார்த்துத்தான் இந்த வினையைச் சேர்த்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

அதே வினை வன்னி வாழ்வில் வேறு எங்கெல்லாம் நிற்கிறது என்று பாருங்கள். 'பேந்து வருகிறேன்' என்றால் பிறகு வருகிறேன் என்று பொருள். பழந்தமிழில் 'பெயர்த்தும்' என்பது மறுபடியும் என்ற பொருளில் வரும். மொழிபெயர்த்தல் என்பதில் சொல் ஒரு மொழியைவிட்டு இன்னொன்றுக்குப் போகிறது. அன்று நான் பிழையாகச் செய்த வேலை அது. எல்லாவற்றுக்கும் மேலாக, இடம்பெயர்தல். போரில், 1995 அக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் எழுந்து நடந்த சனத்தில் பெரும் பகுதி பிறகு வன்னிக்கு வந்தது. 2008, 2009இல் வன்னியே எழுந்து நடந்தது: கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால், கடைசியில் செட்டிகுளத்து முகாம்கள். பெரியம்மாவிடம் வயதைக் கேட்டால் தடுமாறுவார். எத்தனை தரம் இடம்பெயர்ந்தீர்கள் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். எந்தெந்த ஊரில் எந்த மரத்தின் கீழ் தறப்பாள் கட்டினார்கள் என்பது இன்னும் அவருக்குள் ஊன்றி நிற்கிறது. பெயரவில்லை.

மறதிக்குத் தமிழில் ஒரு சொல் மட்டும் இருந்ததில்லை. மற என்ற வினையடியிலிருந்து மறதி, மறப்பு, மறவி என்று மூன்று பெயர்கள் பிறந்தன. தகு என்பதிலிருந்து தகுதியும் கெடு என்பதிலிருந்து கெடுதியும் வந்த வழியில்தான் மறதியும் வந்தது. இன்று ஊரில் அதிகம் கேட்கும் 'ஞாபகமறதி' ஒரு கலப்புச் சொல். ஞாபகம் வடமொழியிலிருந்து வந்தது. அறியச்செய்வது, நினைவூட்டுவது என்பது அங்கே அதன் பொருள். அதோடு மறதியைச் சேர்ப்பது கூறியது கூறல் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "மறதியில் திறப்பை விட்டுவிட்டு வந்துவிட்டேன்" என்றால் அது ஒரு தடவை நடந்த நிகழ்ச்சி. "அவருக்கு ஞாபகமறதி" என்றால் அது இயல்பு. இரண்டு வேலைக்கு இரண்டு சொல்லை மக்கள் வைத்துக்கொண்டார்கள்.

இலக்கணமும் இங்கே பேசுகிறது. "நான் மறந்துவிட்டேன்" என்பவர் பிழையைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறார். "எனக்கு மறந்துபோயிற்று" என்பவருக்கு அது தானாக நடந்தது. கடன் வாங்கியவர் இரண்டாவதைச் சொன்னால் கடன் கொடுத்தவருக்குக் கோபம் வருவது அதனால்தான். அறளை பெயர்தலுக்கு முதல் வகையே கிடையாது. 'அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது' என்று மட்டுமே சொல்ல முடியும். 'அவர் அறளையைப் பெயர்த்தார்' என்று எவரும் சொன்னதில்லை. குற்றம் சாட்ட இடம் இல்லாதபடி மொழி இந்தத் தொடரைக் கட்டி வைத்திருக்கிறது. ஆனால் நாம் அதைச் சொல்லும் குரலில் குற்றச்சாட்டு வந்து சேர்ந்துவிடுகிறது.

பழைய நூல்களில் மறதி பெரும்பாலும் குற்றமாகத்தான் வருகிறது. திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி. ஆனால் அது கிழவரின் மறதி இல்லை. மகிழ்ச்சியில் மிதந்து, செய்யவேண்டியதைக் கைவிடுபவனின் மறதி. அளவு கடந்த கோபத்தைவிட, பெரும் களிப்பில் வரும் சோர்வு தீயது என்று அந்த அதிகாரத்தின் முதற் குறள் தொடங்குகிறது. அது அரசியல் பகுதியில் இருப்பதும் தற்செயல் அன்று. அரசன் மறந்தால் நாடு போய்விடும். 605ஆம் குறளில், காலம் நீட்டித்தல், சோம்பல், தூக்கம் ஆகியவற்றோடு மறவியும் கெட்டுப்போகிறவர் விரும்பி ஏறும் மரக்கலமாகிறது. அங்கும் உடல் வலுவோடு இருப்பவனின் குற்றமே பேசப்படுகிறது. இன்னொரு பக்கம், பிறர் செய்த தீங்கை அன்றே மறப்பது நல்லது என்று அதே நூல் 108ஆம் குறளில் சொல்கிறது. மறக்கவும் மறக்காமல் இருக்கவும் வல்லவர்களை நோக்கி வள்ளுவர் பேசுகிறார். அந்த வல்லமை போனவருக்கு நம் பேச்சுவழக்குத் தனிச்சொல் வைத்ததை நான் மொழியின் கருணை என்றே எண்ணுகிறேன்.

இவற்றுக்கு இடையில் வேறு சொற்களும் உண்டு. பிராக்கு என்பது எங்கள் பக்கம் நிறைய வழங்கும் சொல். கடைக்கு அனுப்பிய பையன் வழியில் கிட்டி அடிப்பதைப் பார்த்து நின்றுவிட்டு, உப்பு வாங்கவேண்டியதை மறந்து வந்தால், "பிராக்குப் பார்த்துவிட்டு வந்து நிற்கிறான்" என்று ஏச்சு விழும். அவனுக்கு நினைவாற்றல் குறைவில்லை. சொன்னது அவன் மனதில் பதியவே இல்லை. பதியாதது மறக்கவும் முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மறதியில் பெரும்பங்கு இந்தப் பிராக்குத்தான். நெல்லை, குமரிப் பக்கத்தில் 'அயத்துப் போச்சு' என்பார்கள். அயர்தல் என்பதிலிருந்து வந்தது, களைப்பும் மறதியும் ஒரே சொல்லில் இருக்கின்றன.

'நினைவு தப்புதல்' என்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அது மயங்கி விழுவதையும் குறிக்கும், நினைவு குழம்புவதையும் குறிக்கும். "நேற்று அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது" என்று வைத்தியரிடம் சொன்னால் அவர் எதைப் புரிந்துகொள்வார்? விழுந்தாரா, பேச்சுத் தடுமாறியதா, ஆளை அடையாளம் தெரியவில்லையா என்று பிரித்துச் சொல்லாவிட்டால் சிகிச்சையே திசை மாறிப்போகும்.

மருத்துவத்தில் இந்த நிலைக்குப் பொதுப்பெயர் டிமென்சியா. தமிழில் மறதிநோய் என்றும் முதுமறதி என்றும் எழுதுகிறார்கள். இரண்டிலும் எனக்கு மனநிறைவு இல்லை. நான் அன்று செய்த அதே குறுக்கல் அவற்றிலும் இருக்கிறது. டிமென்சியா என்பது ஒரு நோயின் பெயர் அன்று, பல நோய்களால் வரும் நிலையின் பெயர். அதில் பெரும்பங்கு அல்சைமர் நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 60 முதல் 70 விழுக்காடு வரை. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் அடைபட்டு வருவது இன்னொரு பெரிய வகை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் மலிந்துள்ள நம் ஊர்களில் அதை எண்ணாமல் விடமுடியாது.

அல்சைமர் என்ற பெயர் ஒரு ஜேர்மன் வைத்தியருடையது. 1901இல் பிராங்க்பேர்ட் மனநல விடுதியில் அவுகுஸ்டே டேட்டர் என்ற பெண் சேர்க்கப்பட்டார். வயது 51 மட்டுமே. கணவர்மேல் காரணமற்ற சந்தேகம், பொருள்களை ஒளித்துவைத்தல், இடம் குழம்புதல்: நம் ஊரில் என்றால் ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். பெயரை எழுதச் சொன்னபோது முடிக்க இயலாமல், "என்னை நான் தொலைத்துவிட்டேன்" என்று அவர் சொன்னதாக வைத்தியரின் குறிப்பில் இருக்கிறது. 1906இல் அவர் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் கண்ட படிவுகளையும் முடிச்சுகளையும் அதே ஆண்டு நவம்பரில் அலோய்ஸ் அல்சைமர் ஒரு கூட்டத்தில் விவரித்தார். 1910இல் எமில் கிரேப்பெலின் தன் பாடநூலில் நோய்க்கு அவர் பெயரை இட்டார். 'முதுமை என்றால் இப்படித்தான்' என்று விட்டுவிட முடியாத வயதில் ஒருவருக்கு வந்ததால்தான் அது நோய் என்று தனியாகக் கண்ணுக்குப் பட்டது. எண்பது வயதில் வந்திருந்தால் அங்கும் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

காலையில் குடித்த தேநீரை மறக்கும் பெரியம்மா, சிறுமியாக இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்ததைப் பார்த்த கதையை ஒரு சொல் தவறாமல் சொல்வார். "நடிக்கிறார், தேவையானது மட்டும் நினைவிருக்கிறது" என்று உறவினர் குறைப்படுவார்கள். நடிப்பு எதுவும் இல்லை. புதியவை முதலில் அழியும், பழையவை நெடுநாள் தங்கும் என்று 1881இலேயே பிரெஞ்சு உளவியலாளர் தெயோடியூல் ரிபோ எழுதிவிட்டார். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் அதை அடுத்த பகுதியும் அல்சைமர் நோயில் முதலில் தாக்கப்படுகின்றன. பழைய நினைவுகள் மூளையில் வேறிடங்களில் பரந்து வேர்விட்டிருப்பதால் அவை பெயர நாளாகும்.

வன்னியில் இதன் விளைவு வேறெங்கும் இல்லாத வகையில் தெரிகிறது, ஏனென்றால் இங்குள்ள முதியோரின் பழைய நினைவுகள் ஒரே ஊரைச் சேர்ந்தவை அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டங்களில் வந்தவர்கள் இருக்கிறார்கள். 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாத்தா விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலுக்கு வருவார். தேயிலைத் தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம் பெரட்டுக்களம். அவர் அதைவிட்டு வந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. பெரியம்மாவோ மாரியில் இடி இடித்தால் பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, போர்க்காலத்துப் பதுங்குகுழியான பங்கர் எங்கே என்று தேடுவார். அதை நாங்கள் மறதிக் கணக்கில் எழுதினோம். பிறகு யோசித்தால் அதில் மறந்தது என்ன இருக்கிறது? காதும் உடலும் கற்றுக்கொண்டதை அவர் ஒரு சொட்டும் மறக்கவில்லை. அந்த வெடிச்சத்தம் 2009இலேயே ஓய்ந்துவிட்டது என்ற புதிய செய்திதான் தங்கவில்லை.

நினைவைச் சோதிக்கும் கேள்விகளும் இந்த மண்ணில் ஒரு சிக்கலைக் கொண்டுவருகின்றன. 1975இல் அமெரிக்காவில் உருவான முப்பது புள்ளிச் சோதனையும் அதன் வழிவந்தவையும் இன்றைய திகதி என்ன, என்ன மாதம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று கேட்கின்றன. பள்ளிக்கூடத்தை அரைகுறையாகக் கண்டு, நாட்காட்டி பார்க்காமல் வாழ்ந்த ஒரு விவசாயிக்கு நல்ல காலத்திலேயே திகதி தெரிந்திருக்காது. இப்போது நடப்பது காலபோக நெல் விதைப்பா சிறுபோகமா என்று கேளுங்கள்; வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். அதற்கும் பதில் வரவில்லை என்றால் கவலைப்படக் காரணம் உண்டு. அனுபவமுள்ள வைத்தியர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள் என்பதைப் பிறகு பார்த்தேன்.

இந்தச் சொல்லின் பயன்பாட்டில் என்னை மிகவும் வருத்தும் இடம் ஒன்று உண்டு. பிள்ளையைத் தொலைத்த தாய்மார் வன்னியில் வீதிக்கு வீதி இருக்கிறார்கள். 2010இல் ஓர் ஆணைக்குழு, 2013இல் இன்னொன்று, 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று, ஒரே கதையைப் பல மேசைகளில் சொன்னவர்கள் அவர்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் போராட்டம் தொடங்கியபோது அமர்ந்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. இருப்பவர்கள் முதுமை அடைந்துவிட்டார்கள். அப்படி ஒரு தாய், மகனைக் கடைசியாகக் கண்ட நாளை ஒருமுறை மே பதினாறு என்றும் இன்னொருமுறை பதினேழு என்றும் சொன்னபோது, பக்கத்தில் இருந்த எங்கள் ஊரவர் ஒருவரே "அவருக்கு அறளை" என்று மெல்லச் சொன்னதை நான் கேட்டேன். மகன் போட்டிருந்த சேட்டின் நிறத்தை, கையில் கட்டியிருந்த துணியை, கடைசியாகத் திரும்பிப் பார்த்ததை அந்தத் தாய் ஒவ்வொரு முறையும் மாறாமல் சொன்னார். பேரச்சத்தில் மனம் நடுப்பொருளை இறுகப் பற்றிக்கொள்ளும். நாளும் நேரமும் வரிசையும் ஓரத்துக்குப் போய்விடும். இருபது வயதினருக்கும் அப்படித்தான். பதினாறும் பதினேழும் ஒரே இரவாய் நீண்ட நாட்கள் அவை. அதற்கு அறளை என்று பெயர் வைத்தால் அந்தத் தாயின் சாட்சியமே செல்லாததாகிவிடும்.

துயரத்தால் வரும் மந்தமும் இதே சொல்லுக்குள் தள்ளப்படுகிறது. நீண்ட மனச்சோர்வில் இருப்பவர் கேட்டதைக் கவனிக்கமாட்டார், பெயர் சொல்லத் தாமதிப்பார், "தெரியாது" என்று பதிலை முடித்துவிடுவார். பார்ப்பவருக்கு மறதிநோய் போலவே இருக்கும். சிகிச்சையில் தெளியக்கூடியது அது. காது மந்தமானவரும் அப்படித்தான். கேட்காததற்கு அவர் சொல்லும் பொருந்தாத பதிலை நாம் அறளை என்கிறோம். தைரொயிட் சுரப்புக் குறைவு, விற்றமின் பி12 குறைவு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் நினைவைக் குழப்பும். இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழம்பினால் அது வேறு அவசரம்: சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், உடலில் நீர் வற்றுதல், பக்கவாதத்தின் தொடக்கம். வன்னியின் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்க மறந்த முதியவர் ஒரே நாளில் உளறத் தொடங்கலாம். அல்சைமர் ஒரே வாரத்தில் வராது, ஆண்டுக்கணக்கில் மெல்ல ஊர்ந்து வரும். ஆகவே "எப்போதிலிருந்து?" என்பதே வைத்தியர் கேட்கவேண்டிய முதற்கேள்வி. 'அறளை' என்று சொல்லி முடிப்பவர் அந்தக் கேள்வியை எழாமல் செய்துவிடுகிறார். நானும் செய்தேன்.

அடுத்த மாதம் கிளினிக் நாளில் மறுபடியும் போனோம். இம்முறை நான் எந்தச் சொல்லையும் மொழிபெயர்க்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். இரண்டு ஆண்டாக மெல்லக் கூடியது, கடந்த நான்கு மாதத்தில் வேகமாகியது, குளிர்கிறது என்று வெயிலிலும் போர்த்திக்கொள்வது, முகம் ஊதியிருப்பது, அரிசிப் பானைக் காசு, இடி, பங்கர். அதே வைத்தியர் இப்போது பேனையை வைத்துவிட்டுக் கேட்டார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைரொயிட் மிகக் குறைவாக இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு குளுசை என்று தொடங்கி மூன்று மாதத்தில் பெரியம்மா போர்வையை விட்டார், பேச்சில் தெளிவு கூடியது, முற்றத்தைக் கூட்ட எழுந்தார். முழுவதும் திரும்பவில்லை. உள்ளே மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்த நோயும் சேர்ந்தே இருந்தது என்று வைத்தியர் பிறகு சொன்னார். காசு இன்னும் அரிசிப் பானைக்குள்தான் போகிறது. மாமாவின் பெயரால் மருமகனைக் கூப்பிடுகிறார்.

முதல் நாள் நான் 'மறதி' என்று மாற்றிச் சொன்னதற்கு, அக்கா உண்மையில் தமிழில் என்ன சொன்னார் என்று வைத்தியர் கேட்டார். அறளை என்றேன். இரண்டு தரம் சொல்லச் சொல்லி, தன் எழுத்தில் குறித்துக்கொண்டார்.

வீட்டில் நாங்கள் அந்தச் சொல்லைக் குறைத்துவிட்டோம். அதற்கு வைத்தியர் காரணம் இல்லை. ஒரு மாலை அக்கா வேலியோரம் நின்று பக்கத்து வளவு மாமியிடம் வழக்கம்போல "அறளை பேந்திட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே திண்ணையில், அன்று காலை தன் மகளின் பெயரையே மறந்திருந்த பெரியம்மா தலையை நிமிர்த்தி, தெளிவான குரலில் கேட்டார்:

"ஆருக்கு?"